நகையை விற்று சமாதி கட்டினார். அங்கே பாட அவருக்கே தடை! பெங்களூர் நாகரத்தினம்மாளின் கதை

திருவையாறில் தியாகராஜர் சமாதியை கோவிலாகக் கட்டியது ராஜாவும் இல்லை, ஜமீன்தாரும் இல்லை. சென்னை ஜார்ஜ் டவுனில் குடியிருந்த ஒரு பாடகி.

நகைகளை விற்றார். கச்சேரி பாடி சம்பாதித்ததை எல்லாம் கொண்டுபோய் கொட்டினார். சிலை வைத்தார். பூஜைக்கு ஏற்பாடு செய்தார்.

எல்லாம் முடிந்த பிறகு, அந்தச் சமாதிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டு பாட ஆசைப்பட்டார். கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம் என்ன? அவர் பெண். அதுவும் தேவதாசி குலத்துப் பெண்.

பணம் வேண்டும், பாட்டு வேண்டாமாம்!

வேறு யாராவது என்றால் அழுதுகொண்டே ஊர் திரும்பி இருப்பார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் திரும்பவில்லை. 10 வருஷத்துக்கு மேல் விடாமல் நின்று ஜெயித்தார். எப்படி ஜெயித்தார் என்பதுதான் இந்தக் கதை.

மைசூரில் பட்ட அவமானம்

நாகரத்தினம்மாள் பிறந்தது 1878-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி. ஊர் மைசூர் பக்கத்தில் உள்ள நஞ்சன்கூடு. தாயார் புட்டலட்சுமி. தந்தை சுப்பாராவ் ஒரு வக்கீல். குழந்தை பிறந்த கொஞ்ச நாளிலேயே தாயையும் பிள்ளையையும் அவர் கைவிட்டு விட்டார்.

கையில் குழந்தையோடு தாயார் மைசூருக்குப் போனார். அரண்மனை பண்டிதர் கிரிபட்ட திம்மையா ஆதரவு கொடுத்தார். அந்தச் சின்னப் பெண்ணுக்கு சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தார். பெண்ணுக்கோ கற்பூர புத்தி. சொன்னதை சொன்ன மாத்திரத்தில் பிடித்துக்கொண்டது.

அதுவே வினையாகப் போயிற்று. தாசி வீட்டுப் பெண்ணுக்கு இவ்வளவு படிப்பா என்று பொறாமைக்காரர்கள் கிளம்பினார்கள். கடைசியில் அந்தப் பண்டிதரும் கையை உதறிவிட்டார்.

தாயாருக்கு ரோஷம் வந்தது. என் மகளை எல்லோரும் மெச்சும்படி ஆளாக்காமல் இந்த மைசூரில் காலடி வைக்க மாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டு ஊரை விட்டுப் புறப்பட்டார்.

பிறகு பெங்களூர். முனிசாமப்பா என்ற வித்துவானிடம் பாட்டு. அவர் தியாகராஜரின் சீடர் வழியில் வந்தவர். பின்னாளில் திருவையாறு வரைக்கும் கொண்டுபோய் விட்ட பந்தம் இங்கேதான் ஆரம்பம் ஆனது.

நாகரத்தினம் பாட்டு கற்றார், வயலின் கற்றார், நாட்டியம் கற்றார். கன்னடம், தெலுங்கு, சமஸ்கிருதத்தோடு இங்கிலீசும் படித்தார். 15 வயதில் சபை ஏறினார். மகளின் பெருமையை முழுசாகப் பார்க்க தாயாருக்கு கொடுத்து வைக்கவில்லை. அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

ஆனால் சபதம் வீண் போகவில்லை. எந்த மைசூரை விட்டு வெளியேறினாரோ அதே மைசூர் அரண்மனையில் மகாராஜா முன்னிலையில் நாகரத்தினம் பாடினார். அரண்மனை வித்துவான் பட்டமும் வந்தது.

பட்டணத்தில் கொடி கட்டிப் பறந்தார்

1900-க்குப் பிறகு சென்னைக்கு வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் சங்கீதம் என்றால் மயிலாப்பூர் இல்லை. ஜார்ஜ் டவுன்தான். இன்றைக்கு லாரியும் மூட்டையும் அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தச் சந்துகளில்தான் பெரிய பெரிய வித்துவான்கள் குடியிருந்தார்கள். வீணை தனம்மாள் வீடும் அங்கேதான்.

செட்டியார் வீட்டுக் கல்யாணம், முதலியார் வீட்டு விசேஷம், கோவில் உற்சவம், சபாக் கச்சேரி... எங்கும் நாகரத்தினம்மாள் பெயர். கிராமபோன் தட்டிலும் அவர் குரல் வந்தது. வைரமும் தங்கமும் சேர்ந்தது. ஜட்ஜு, வக்கீல், பண்டிதர், வியாபாரி என்று நகரத்துப் பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் வீட்டில் புலவர்கள் கூடிப் பேசுவார்கள்.

இவரிடம் ஒரு நல்ல பழக்கம். எல்லாவற்றுக்கும் கணக்கு வைப்பார். 1905-ல் இருந்து 1934 வரை எத்தனை கச்சேரி, எந்தெந்த ஊர் என்று எழுதி வைத்தார். மொத்தம் 146 ஊர்கள், 1,235 கச்சேரிகள். மாதத்துக்கு மூன்று, நான்கு கச்சேரி வீதம் 30 வருஷம். ரெயில் போகாத ஊருக்கு மாட்டு வண்டிதான்.

வருமான வரியும் கட்டினார். சென்னையில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் இவர்தான் என்று சொல்கிறார்கள்.

கணக்கும் காகிதமும் சரியாக இருந்தால் யாரும் நம்மை அசைக்க முடியாது என்பது அந்த அம்மாளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பின்னால் அதுதான் கைகொடுத்தது.

புத்தகக் கடையில் போலீஸ்!

அதற்கு நடுவில் ஒரு போலீஸ் விவகாரம்.

தஞ்சாவூரை மராட்டிய ராஜா பிரதாபசிம்மன் ஆண்ட காலத்தில் முத்துப்பழனி என்று ஒரு பெண் புலவர் இருந்தார். அவரும் தேவதாசி. ராதிகா சாந்த்வனம் என்ற காவியத்தை தெலுங்கில் எழுதினார். ராதையின் ஊடலையும் கண்ணன் அவளைச் சமாதானம் செய்வதையும் பற்றி 584 பாட்டு.

அந்தப் புத்தகம் அதற்கு முன்பே அச்சில் வந்திருந்தது. ஆனால் குறைப்பதிப்பு. பல பாட்டுகளைக் காணோம். முத்துப்பழனி தேவதாசி என்ற விவரத்தையும் காணோம்! நாகரத்தினம்மாள் ஏட்டுச்சுவடியைத் தேடிப் பிடித்தார். ஒரு பாட்டு விடாமல் சேர்த்து 1910-ல் பதிப்பித்தார். வெளியிட்டது பிரபலமான வாவிள்ள கம்பெனி.

ஆந்திராவின் பெரிய சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் இந்தக் காவியத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதியிருந்தார். ஒரு பெண் வாயில் வரக்கூடிய பாட்டா இது என்பது அவர் கட்சி.

நாகரத்தினம்மாள் சும்மா இருப்பாரா? பதிலுக்கு எழுதினார். ஆண் புலவர்கள் எழுதிய சிருங்காரக் காவியங்கள் எத்தனையோ இருக்கின்றன. அதைப் பண்டிதர்கள் ரசிக்கிறார்கள், பாடமாகக்கூட வைக்கிறார்கள். வெட்கம் என்பது பெண்ணுக்கு மட்டும்தானா என்று சுருக்கென்று கேட்டுவிட்டார்.

விஷயம் சர்க்கார் காதுக்குப் போயிற்று. சர்க்கார் மொழிபெயர்ப்பாளர் படித்துப் பார்த்து, ஆபாசம் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். போலீஸ் கமிஷனர் கன்னிங்ஹாம் நடவடிக்கை எடுத்தார். 1911-ல் புத்தகப் பிரதிகளைப் போலீசார் பறிமுதல் செய்தார்கள். இந்தத் தடையை எதிர்த்து பண்டிதர்களே சர்க்காருக்கு மனுப்போட்டார்கள். பலிக்கவில்லை.

தடை எத்தனை காலம் இருந்தது தெரியுமா? 36 வருஷம். வெள்ளைக்காரன் போகிற காலத்தில், ஆந்திர கேசரி பிரகாசத்தின் முயற்சியால் 1947-ல்தான் தடை நீங்கியது.

ஒரு கடிதம் வந்தது

1920-ஐ ஒட்டிய சமயம். நாகரத்தினம்மாளுக்கு 40 வயது தாண்டிவிட்டது. பெயர், பணம் எல்லாம் இருந்தது. அப்போது ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் மைசூர் வித்துவான் பிடாரம் கிருஷ்ணப்பா.

திருவையாறு போயிருந்தேன், தியாகராஜர் சமாதி இருக்கிற நிலைமையைப் பார்க்கச் சகிக்கவில்லை என்பது கடிதத்தின் சாராம்சம்.

தியாகராஜர் மறைந்தது 1847-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி. கடைசி நாளில் சந்நியாசம் வாங்கிக்கொண்டதால் காவிரிக் கரையில் அடக்கம் செய்து பிருந்தாவனம் எழுப்பினார்கள். பிறகு கவனிப்பார் இல்லை. 1903-ல் அவருடைய சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வந்து பார்த்து செப்பனிட்டார்கள். அதற்குப் பிறகும் பழைய கதைதான். சுற்றிலும் புதர் மண்டிவிட்டது.

வருஷா வருஷம் ஆராதனை மட்டும் தடபுடலாக நடந்தது. அதிலும் சண்டை! பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று வித்துவான்கள் இரண்டாகப் பிரிந்து தனித்தனியாக நடத்தினார்கள். பாட்டுக்கு ஆள் இருந்தது, சோற்றுக்குப் பந்தி இருந்தது. சமாதிக்கு ஒரு கூரை போடத்தான் ஆள் இல்லை.

கடிதம் வந்த பிறகு நாகரத்தினம்மாளுக்குத் தூக்கம் இல்லை. தியாகராஜர் கனவில் வந்தார் என்று சொல்வார்கள். வீடு வீடாக உஞ்சவிருத்தி எடுத்து அரிசி வாங்கிச் சாப்பிட்டு, ராமனைப் பாடியே காலம் கழித்தவர் தியாகராஜர். அவருடைய பாட்டைப் பாடித்தானே இத்தனை நகையும் பணமும் வந்தது? அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

முதலில் பத்திரம், பிறகுதான் கட்டிடம்

இங்கேதான் அவருடைய சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். போனதும் கொத்தனாரைக் கூப்பிடவில்லை. இந்த இடம் யாருக்குச் சொந்தம் என்று விசாரித்தார். இடத்தை வாங்கினார். பத்திரங்களை தன் பெயரில் சரி செய்துகொண்டார். அதற்குப் பிறகுதான் கடப்பாரையும் மண்வெட்டியும்.

1921-ல் வேலை ஆரம்பம் ஆயிற்று. நகைகள் ஒவ்வொன்றாகப் போயின. கச்சேரிப் பணம் போயிற்று. கையிருப்பு கரையக் கரைய மறுபடி ஊர் ஊராகப் போய்ப் பாடினார். கச்சேரி ரூபாய் செங்கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாறியது.

சமாதியைச் சுற்றி கோவில் எழும்பியது. தியாகராஜருக்குச் சிலை செய்து வைத்தார். 1926-ம் ஆண்டு தொடக்கத்தில் கும்பாபிஷேகம். தினசரி பூஜைக்கும் வழி செய்தார். தியாகராஜர் மேல் சமஸ்கிருதத்தில் 108 நாமாவளியும் அவரே எழுதினார்.

கோவில் கட்டுகிற வரைக்கும் இரண்டு கட்சிக்காரர்களும் வாயைத் திறக்கவில்லை. எவன் வீட்டுப் பணம் போகிறது?

கட்டி முடித்த பிறகுதான் சங்கதி வெளியே வந்தது. ஆராதனையில் சமாதி முன்னால் பாட நாகரத்தினம்மாள் அனுமதி கேட்டார். பாட்டு வேண்டாம், கதாகாலட்சேபமாவது செய்கிறேன் என்றாலும் சம்மதம் இல்லை. பெண்கள் இங்கே பாடுவது வழக்கம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு கட்சிகளும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை!

பின்பக்கத்தில் மூன்றாவது கட்சி

நாகரத்தினம்மாள் கையை நீட்டவில்லை, கத்தவும் இல்லை. மூன்றாவது கட்சி ஆரம்பித்தார். பெண்கள் கட்சி!

முன்னால் பாடக்கூடாது என்றுதானே சொன்னீர்கள், பின்னால் பாடலாமே என்று, கோவிலின் பின்பக்கத்தில் பெண்களை உட்கார வைத்துப் பாடினார். பல ஊர்களில் இருந்து தேவதாசிப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். முன்பக்கம் ஆண்கள் கச்சேரி. பின்பக்கம் பெண்கள் கச்சேரி. திருவையாறு ஜனங்கள் இரண்டு பக்கமும் போய்க் கேட்டார்கள்.

இடத்தை விட்டு இவர்களைக் கிளப்ப முடியுமா? முடியாது. பத்திரம் அந்த அம்மாள் பெயரில்! அன்றைக்கு முன்யோசனையோடு காகிதத்தை சரி செய்து வைத்தது இப்போது உதவியது. நன்கொடை ரசீது மட்டும் கையில் இருந்திருந்தால், வாசலோடு வழியனுப்பி இருப்பார்கள்.

இன்னொரு போராட்டம்

அதே சமயத்தில் சென்னையில் வேறு ஒரு புயல். 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, கோவிலில் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று சட்டசபையில் குரல் கொடுத்தார். அவருடைய தாயாரும் அந்தக் குலத்தில் வந்தவரே. அந்த வாழ்க்கையின் கஷ்டம் தெரிந்து பேசினார்.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர் நாகரத்தினம்மாள். சென்னை மாகாண தேவதாசிகள் சங்கத்துக்கு அவர் தலைவி. எங்கள் எல்லோரையும் விபசாரிகள் என்று முத்திரை குத்தாதீர்கள், நாங்கள் கலையைக் காப்பாற்றியவர்கள், எங்களுக்குப் படிப்பைக் கொடுங்கள், சொத்துரிமையைப் பறிக்காதீர்கள் என்பது அவர்கள் வாதம்.

இரண்டு பேரும் சாதாரணப் பெண்கள் இல்லை. ஒருவர் அந்தக் குலத்துச் சிறுமிகளின் கதியை நினைத்தார். இன்னொருவர் அந்தக் குலத்துப் பெண்களின் மானத்தையும் கையில் இருந்த கலையையும் நினைத்தார். கடைசியில் 1947-ல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. சிறுமிகளைப் பலி கொடுத்த ஒரு வழக்கம் ஒழிந்தது நல்லதுதான். ஆனால் பாட்டையும் நாட்டியத்தையும் காப்பாற்றிய பெண்களை ஊர் அதற்குப் பிறகு கண்டுகொள்ளவில்லை என்பதும் நிஜம். அந்த விஷயத்தில் நாகரத்தினம்மாள் பயந்தது நடந்துவிட்டது.

கட்சிகள் இணைந்தன

சென்னை வாழ்க்கையை முடித்துக்கொண்டு நாகரத்தினம்மாள் திருவையாறிலேயே குடியேறினார். பட்டும் வைரமுமாக இருந்த அம்மாள் எளிய சேலைக்கு மாறினார். சமாதி வேலைதான் முழுநேர வேலை.

வருஷங்கள் ஓடின. பின்பக்கத்துப் பாட்டு நிற்கவில்லை. பெண்கள் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் கூடியது. மூன்று கட்சி, மூன்று ஆராதனை என்பது எல்லோருக்கும் சிரிப்பாகப் போயிற்று.

கடைசியில் ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஒய்.கிருஷ்ணசாமி தலையிட்டார். எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். 1940-ல் கட்சிகள் ஒன்றாயின. ஒரே ஆராதனை என்று முடிவாயிற்று. தியாகராஜரின் பஞ்சரத்தின கீர்த்தனைகள் ஐந்தையும் எல்லோரும் சேர்ந்து பாடுவது என்றும் ஏற்பாடு ஆனது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீராகம் என்று வரிசையாக வரும் அந்தப் பாட்டுகளை இப்போது ஜனவரி மாதத்தில் டி.வி.யில் பார்க்கிறோமே, அந்தக் கோஷ்டி கானம் அந்த ஒற்றுமையில் பிறந்ததுதான்.

பெண்களுக்கும் இடம் கிடைத்தது. பின்பக்கத்தில் இல்லை. சமாதிக்கு முன்னால்! 1926-ல் கேட்டதற்கு 14 வருஷம் கழித்து பதில் வந்தது. அப்போது நாகரத்தினம்மாளுக்கு 60 வயது தாண்டிவிட்டது.

கடைசிப் பத்திரம்

அதோடு அவர் திருப்திப்பட்டுச் சும்மா இருக்கவில்லை. இன்றைக்குச் சரி என்பவர்கள் நாளைக்கு மாறிவிட்டால்? நான் போன பிறகு மறுபடி பெண்களை வெளியே தள்ளினால்?

1949-ல் உயில் எழுதினார். மிச்சம் இருந்த சொத்தை எல்லாம் சமாதிக்கே எழுதி வைத்தார். ஜாதி வித்தியாசம் இல்லாமல் பெண்கள் அங்கே வந்து பாடி வழிபட உரிமை உண்டு என்பதையும் அதில் சேர்த்துவிட்டார். வாய்வார்த்தையை நம்பவில்லை. எழுத்தில் வைத்தார்.

வித்யாசுந்தரி என்பது அவருக்குக் கிடைத்த பட்டங்களில் ஒன்று. தியாகசேவாசக்தா என்பது இன்னொன்று. இரண்டாவது பட்டம்தான் அவர் மனசுக்குப் பிடித்தது என்றால் ஆச்சரியம் இல்லை.

1952-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி நாகரத்தினம்மாள் காலமானார். வயது 73. அதே வருஷம்தான், போலீசார் பறிமுதல் செய்த முத்துப்பழனியின் காவியம் மறுபடி முழுசாக அச்சேறியது.

தியாகராஜர் சமாதிக்குப் பக்கத்திலேயே அந்த அம்மாளுக்கும் நினைவிடம் எழுப்பினார்கள். உள்ளே அவருடைய சிலை கை கூப்பி உட்கார்ந்திருக்கிறது. முகம் தியாகராஜர் சமாதியைப் பார்த்தபடி.

நன்கொடை கொடுப்பவர்கள் ஊரில் நிறைய உண்டு. பணத்தையும் கொடுத்து, உரிமையையும் கேட்டு, அதைப் பத்திரத்திலும் ஏற்றி, தனக்குப் பின்னால் வரும் பெண்கள் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தவர்கள் ரொம்பக் குறைவு. ஆராதனையில் இன்றைக்குப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து வாய்விட்டுப் பாடுகிறார்கள். அந்த இடத்துக்கு விலை கொடுத்தவர் ஜார்ஜ் டவுன் பாடகி.